ரீப்பரும் ஒரு நம்பர் பேடும்: வர்ணிப்புப் பதிவுகளை வெட்டிச் சேர்க்கக் குறுக்குவிசைகள் அமைத்த அனுபவம்

ஒலிப்பதிவு மென்பொருளின் குறுக்குவிசைகளைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை, தாளக் கட்டத்துக்குள் ஒலித்துண்டுகளை அடுக்கி இசையமைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மதுரையைச் சுற்றியுள்ள எங்களைப் போன்ற சிறிய ஒலிப்பதிவு அறைகளுக்கு வரும் வேலை வேறு வகையைச் சேர்ந்தது. சித்திரை நெருங்கும்போது அழகர் வர்ணிப்புப் பாடுபவர்கள் வருவார்கள். ஆடியில் முளைப்பாரிக் கும்மிப் பாட்டு வரும். ஆண்டு முழுவதும் ஜவுளிக்கடை விளம்பரமும், ஆட்டோவில் கட்டி ஒலிக்கும் அறிவிப்பும் இடையிடையே வந்துகொண்டிருக்கும். இவற்றுள் நீளமானது வர்ணிப்பு. அதற்குக் கிளிக் டிராக், அதாவது தாளத்தைத் தட்டிக்காட்டும் ஒலித்தடம், கிடையாது. பாடுபவரின் மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே அடி முடியும். மலையிலிருந்து புறப்பட்ட அழகர் வைகையில் இறங்கும் வரை ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும் பதிவை, பிழைகளை நீக்கி ஒட்டுத் தெரியாமல் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையில் மவுஸைத் தேடும் நேரத்தைக் குறைக்க நாங்கள் செய்த ஏற்பாடுகளின் பதிவு இது.

ஒத்தக்கடையில் ஒரு வீட்டின் மாடியறையில் வேலை நடக்கிறது. கணினி, எண்பகுதி இல்லாத விசைப்பலகை கொண்ட விண்டோஸ் மடிக்கணினி. மென்பொருள் ரீப்பர். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் அதன் உரிமம் 60 டாலர் என்பதும், விசைகள் அனைத்தையும் நம் விருப்பப்படி மாற்றியமைக்க அது இடம் தருகிறது என்பதும் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள். இரண்டாவது காரணத்தின் அருமை, மென்பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். ஓர் ஒலித்துண்டை இரண்டாக வெட்டுவது எல்லா மென்பொருளிலும் உள்ள வேலைதான். ரீப்பரில் அதற்கு எஸ் விசை; ஏபிள்டன் லைவில் கண்ட்ரோலுடன் ஈ; கியூபேஸில் ஆல்ட்டுடன் எக்ஸ்; மேக் கணினியில் லாஜிக்கில் கமாண்டுடன் டி (T). எஃப்.எல். ஸ்டுடியோவின் பிளேலிஸ்டிலோ சி விசையை அழுத்தி வெட்டும் கருவியை எடுத்துக்கொண்டு, பிறகு மவுஸால் கோடு போட வேண்டும். ஓர் அறையில் பழகிய கை இன்னோர் அறையில் தடுமாறுவது இதனால்தான். எனவே எந்த மென்பொருளின் பட்டியலையும் மனப்பாடம் செய்வதற்கு முன், நம் வேலையில் திரும்பத் திரும்ப வரும் செயல்கள் எவை என்று குறித்துப் பார்ப்பதே முதற்படி என்று முடிவு செய்தோம்.

குறித்துப் பார்த்தபோது கிடைத்த பட்டியல் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. ஒலிக்கவிட்டுக் கேட்பது, பிழை வந்த இடத்தில் நிறுத்துவது, சில நொடிகள் பின்னால் போய் மறுபடி கேட்பது, பிழையின் தொடக்கத்தையும் முடிவையும் குறிப்பது, அந்தப் பகுதியை நீக்கிப் பின்பகுதியை முன்னே இழுப்பது, ஒட்டின் மீது மெல்லிய கிராஸ்ஃபேடு (ஒரு துண்டின் ஒலி தேய, அடுத்ததன் ஒலி எழும் கலப்பு) போடுவது, அடுத்த மார்க்கருக்குத் (இடத்தைக் காட்டும் குறிக்கு) தாவுவது ஆகியவையே நாளெல்லாம் நடந்தன. புதிய டிராக் சேர்க்கும் கண்ட்ரோல் டி (T), மிக்சரைத் திறக்கும் கண்ட்ரோல் எம் போன்றவை எங்கும் முதலில் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் வர்ணிப்பு வேலையில் இரண்டும் ஒரு பதிவுக்கு ஒருமுறை தேவைப்பட்டாலே அதிகம்.

ரீப்பர் நிறுவியபடியே தரும் விசைகளில் பயன்பட்டவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பேஸ் விசை ஒலிக்கவும் நிறுத்தவும். கண்ட்ரோல் ஆர் பதிவைத் தொடங்க. எம் விசை மார்க்கர் வைக்கும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை அழுத்தலாம் என்பதில்தான் அதன் பயன். சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டும் முந்தைய மார்க்கருக்கும் அடுத்த மார்க்கருக்கும் கொண்டுசெல்லும். மேல்வரிசை எண்விசைகள் அந்தந்த எண்ணுடைய மார்க்கருக்கு நேரே தாவும். நேரப்பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டுடன் ஆர் அழுத்தினால் அது ரீஜியன், அதாவது பெயரிடக்கூடிய தனிப் பகுதி, ஆகிறது. ஆல்ட்டுடன் எஸ், ஒட்டுதலை, அதாவது ஸ்நாப்பை, நிறுத்தும். கட்டமே இல்லாத பாட்டில் ஸ்நாப் இருந்தால் ஒவ்வொரு வெட்டும் பக்கத்துக் கோட்டுக்கு இழுக்கப்படும் என்பதால், வர்ணிப்புப் பதிவைத் திறந்தவுடன் முதலில் அழுத்தும் விசை இதுவே. மவுஸின் சக்கரத்தை உருட்டினால் நேரவாக்கில் பெரிதாகும். ஆல்ட்டுடன் உருட்டினால் இடவலமாக நகரும். இதை மவுஸ் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. பார்வையை நகர்த்த இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியவில்லை.

பாட்டோடு ஒலிக்கும் உடுக்கையின் தட்டல் தொடங்கும் இடத்துக்குத் தாவ டேப் விசை நன்றாக உதவுகிறது. ஒலி திடீரென எழும் இடங்களைக் கண்டு கர்சரை அங்கே நிறுத்துவது அதன் வேலை. பாடல் குரலில் அது அவ்வளவு நம்பத்தக்கதாக இல்லை. 'வாராரு அழகர்' என்று தொடங்கும் அடியின் வகரம் மெல்ல எழுவதால், விசை அதைக் கடந்து அடுத்த வல்லெழுத்தில் போய் நிற்கிறது.

ஸ்பேஸ் விசையில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ரீப்பரில் ஸ்பேஸை அழுத்தி நிறுத்தினால், கர்சர் ஒலிக்கத் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். இசையமைப்பவருக்கு அது வசதி. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். பிழை திருத்துபவருக்கோ, ஒலி நின்ற இடத்திலேயே கர்சரும் இருந்தாக வேண்டும். இதற்கென 'நிறுத்தும்போது கர்சரையும் நகர்த்து' என்ற செயல் ரீப்பரின் ஆக்ஷன்ஸ் பட்டியலில் உண்டு; ஆனால் அதைத் தேடி எடுத்து நாமே ஒரு விசையோடு இணைக்க வேண்டும். கேள்விக்குறி விசையை அழுத்தினால் அந்தப் பட்டியல் திறக்கும். அதில் ஆயிரக்கணக்கான செயல்கள் இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம்; மேலே உள்ள தேடுபெட்டியில் ஓரிரு சொற்களை இட்டாலே வேண்டியது வந்துவிடும். அங்கேயே, ஒரு விசையை அழுத்தினால் அது இப்போது எந்தச் செயலோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் பொத்தானும் உண்டு. ஏற்கெனவே உள்ள இணைப்பை அறியாமல் அழித்துவிடாதிருக்க, ஒவ்வொரு விசையையும் மாற்றும் முன் அதை அழுத்திப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டோம்.

எந்த விசைகளில் இணைப்பது என்ற கேள்விக்கு விடை, எதிர்பாராத ஒரு பக்கத்திலிருந்து வந்தது. மார்க்கர்களுக்கும் ரீஜியன்களுக்கும் தமிழிலேயே பெயரிடுவது எங்கள் வழக்கம். 'தல்லாகுளம் எதிர்சேவை', 'வண்டியூர்' என்று பெயர் இருந்தால், பாடிய பெரியவரும் பக்கத்தில் அமர்ந்து திரையைப் பார்த்து இடம் சொல்வார். ஆனால் தமிழ்99 முறையில் பெயரைத் தட்டிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறாமல் வேலையைத் தொடர்ந்தால் விசைகள் செயலிழந்துவிடுகின்றன. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற அந்த விசைப்பலகை அமைப்பில் எஸ் விசை 'இ' எழுத்தைத் தருகிறது. எம் விசை 'ர' தருகிறது. மார்க்கருக்கு மார்க்கர் தாவ வேண்டிய அடைப்புக்குறி விசைகளோ 'ச', 'ஞ' என்ற எழுத்துகள். தட்டச்சுச் செயலி விசையை இடைமறித்துத் தமிழெழுத்தாக மாற்றி அனுப்பும்போது, வெட்டச் சொல்லும் கட்டளை ரீப்பருக்குச் சென்று சேர்வதே இல்லை. பிழைச்செய்தியும் வராது. பதிவு ஓடிக்கொண்டிருக்க, மார்க்கர் விழுகிறது என்று நம்பி ஒருவர் அழுத்திக்கொண்டே இருக்கலாம்.

இதோடு விண்டோஸின் சொந்த விசைகளும் குறுக்கிடுகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் நிறுவப்பட்ட கணினியில் இடப்பக்க ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் உள்ளீட்டு மொழி மாறிவிடும். அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய செயல்கள் ஒலிப்பதிவு மென்பொருளில் ஏராளம். அமைப்புகளில் உள்ள மேம்பட்ட விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று அந்த இணைப்பை நீக்கிவிட்டு, மொழி மாற்ற விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் என்பதை மட்டும் வைத்துக்கொண்டோம். ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் தோன்றும் 'ஸ்டிக்கி கீஸ்' கேள்வியையும், அதோடு வரும் ஒலியையும் நிறுத்தினோம். சில மடிக்கணினிகளில் கண்ட்ரோலும் ஆல்ட்டும் அம்புவிசையும் சேர்ந்தால் திரையே தலைகீழாகும்; கிராபிக்ஸ் அமைப்பில் அதை நிறுத்த முடியும்.

எழுத்துவிசைகளை நம்பாமல் எண்விசைகளுக்குப் போனால் தமிழ்த் தட்டச்சுச் சிக்கல் முழுவதும் விலகுகிறது, ஏனெனில் தமிழ்99-இல் எண்கள் எண்களாகவே இருக்கின்றன. மேல்வரிசை எண்களை மார்க்கருக்குத் தாவ வைத்திருப்பதால் தனியாக ஒரு நம்பர் பேடு தேவைப்பட்டது. யு.எஸ்.பி. இணைப்புள்ள, வங்கிக் கவுன்ட்டர்களிலும் பில் போடும் இடங்களிலும் பயன்படுத்தும் சாதாரணப் பேடு ஒன்றை டவுன்ஹால் ரோட்டுக் கடையில் வாங்கினோம். ரீப்பர், பேடில் உள்ள 1-ஐயும் மேல்வரிசை 1-ஐயும் வெவ்வேறு விசைகளாகவே கொள்கிறது; 'நம் லாக்' (Num Lock) விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பேடை மடிக்கணினியின் இடப்பக்கம் வைத்தோம். வலக்கை மவுஸிலேயே இருக்கும்; இடக்கை பேடைவிட்டு நகராது.

இப்போதுள்ள அமைப்பைச் சொல்கிறேன். நடுவில் இருக்கும் 5, விரலுக்குத் தடம் தெரியும்படி மேடுள்ள விசை என்பதால், அதில் ஒலிக்கவிடுதலும் கர்சரோடு நிறுத்துதலும் அமைந்தன. 4, கர்சரைச் சில நொடிகள் பின்னே நகர்த்தி அங்கிருந்து ஒலிக்கச் செய்கிறது. 6, முன்னே நகர்த்துகிறது. 1, நேரத்தேர்வின் தொடக்கப் புள்ளி. 3, முடிவுப் புள்ளி. 0, இரண்டுக்கும் இடைப்பட்டதை நீக்கிப் பின்பகுதியை முன்னே இழுக்கிறது. 7-உம் 9-உம் முந்தைய, அடுத்த மார்க்கர்கள். கூட்டல் விசை மார்க்கர் வைக்கிறது. 8, ஒலியின் வேகத்தை ஒரு படி கூட்டுகிறது. 2, இயல்பு வேகத்துக்குத் திருப்புகிறது. வேகம் கூடினாலும் சுருதி மாறாதிருக்க, வேகக்கட்டுப்பாட்டின் மீது வலது சொடுக்கி அதற்கான தேர்வை இயக்கிவைக்க வேண்டும். திருத்தி முடித்த பதிவை இறுதியாக ஒருமுறை கேட்கும்போது இந்த 8 நேரத்தை நன்கு மிச்சப்படுத்துகிறது. வெட்டில் இடறல் இருந்தால் வேகத்திலும் காதில் படும்.

நீக்கி இழுக்கும் விசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாடுபவர் அடியை மறந்துவிட்டாலோ, மேலூர் சாலையில் லாரியின் ஹாரன் புகுந்துவிட்டாலோ, நாங்கள் பதிவை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் பாடுபவரின் ஓட்டம் குலைந்துவிடும். மறுபடி அந்த உருவுக்கு வர அவருக்கு நேரமாகும். "ஐயா, முந்தின அடியில இருந்து ஒருக்கா பாடிருங்க" என்று கேட்டால் அவர் தொடர்ந்து பாடிவிடுவார். ஆகவே திருத்தும்போது கைவசம் இருப்பது, பிழையான அடியும் அதற்குப் பின்னால் அதே அடியின் நல்ல வடிவமும். பிழையான அடியின் தொடக்கத்தில் 1, நல்ல அடியின் தொடக்கத்தில் 3, பிறகு 0. இந்த மூன்று தட்டல்களுக்குள் ஒரு திருத்தம் முடிகிறது. அடியின் முதலெழுத்தில் வெட்டுவதைவிட, அதற்கு முன்பு பாடுபவர் மூச்சு இழுக்கும் ஒலிக்கு முன்னே வெட்டுவது நல்லது. மூச்சொலி அறுபட்டால் கேட்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் உறுத்தும்.

பின்பகுதியை இழுக்கும்போது எல்லா டிராக்குகளும் மார்க்கர்களும் சேர்ந்து நகர வேண்டும். குரல் ஒரு மைக்கிலும் உடுக்கை இன்னொரு மைக்கிலும் பதிவாகியிருக்க, ஒன்று மட்டும் நகர்ந்தால் அதற்குப் பின்னுள்ள பாட்டு முழுவதும் பிசகிவிடும். ரீப்பரில் ரிப்பிள் எடிட்டிங் என்ற வசதிக்கு மூன்று நிலைகள் உண்டு: அணைந்தது, அந்தந்த டிராக்குக்கு மட்டும், எல்லா டிராக்குகளுக்கும். நிலை எதுவென்று பார்க்காமல் ஒரு துண்டை மவுஸால் இழுத்துவிட்டால் பதிவு முழுவதும் இடம்பெயரும் என்பதால், அதை நிரந்தரமாக இயக்கிவைக்க எனக்கு விருப்பமில்லை. அதற்கு மாறாக, நேரத்தேர்வில் உள்ளதை நீக்கிப் பின்னுள்ளவற்றை முன்னே நகர்த்தும் தனிச் செயல் ஒன்று பட்டியலில் இருக்கிறது. அது ரிப்பிள் நிலையைச் சார்ந்ததன்று. 0 விசையில் இருப்பது அதுவே.

ஒட்டின் மீது கிராஸ்ஃபேடு போடும் வேலையையும் அதே விசையில் சேர்க்க முடிகிறது. ஆக்ஷன்ஸ் சாளரத்தில் புதிய கஸ்டம் ஆக்ஷன் ஒன்றைத் திறந்து, வேண்டிய செயல்களை இடப்பக்கத்திலிருந்து இழுத்து வரிசைப்படுத்திப் பெயரிட்டால், அந்த வரிசை முழுவதும் ஒரே விசையில் நடக்கும். அடுத்தடுத்துள்ள துண்டுகளின் விளிம்புகளை நீட்டிக் கிராஸ்ஃபேடு ஆக்கும் செயல், எஸ்.டபிள்யூ.எஸ். என்ற இலவசக் கூடுதல் தொகுப்பில் கிடைக்கிறது. ஆயினும் நாங்கள் அதைத் தனி விசையாக, நட்சத்திரக் குறியில் வைத்திருக்கிறோம். அடிகளுக்கு இடையே அமைதி இருக்கும் இடங்களில் ரீப்பர் தானாக இடும் சிறு ஃபேடே போதும். உடுக்கை ஒலி நீண்டு அதிரும் இடங்களில் மட்டும் கிராஸ்ஃபேடு வேண்டும். எந்த இடம் எது என்பதைக் காதுதான் முடிவு செய்கிறது. அதை விசையிடம் ஒப்படைத்தால் பிறகு ஒவ்வொன்றாகத் திருத்த நேரிடும்.

பதிவின்போது பிழையைக் குறிக்கும் வேலையை யார் செய்வது என்பதில் ஒரு மாற்றம் செய்தோம். கணினிக்கு முன் இருப்பவருக்குப் பாட்டின் எல்லா அடிகளும் தெரிந்திருப்பதில்லை. பின்பாட்டுப் பாடுபவருக்குத் தெரியும். அவர் கையில் இன்னொரு நம்பர் பேடைக் கொடுத்தோம். ஒரே கணினியில் இரண்டு பேடுகளைச் செருகினால் இரண்டின் விசைகளும் ஒன்றாகவே ரீப்பருக்குத் தெரியும் என்பதால், இரண்டாவது பேடில் கூட்டல் விசையைத் தவிர மற்ற மூடிகளைக் கழற்றி, அட்டை ஒட்டிவிட்டோம். யு.எஸ்.பி. 2.0 கம்பி 5 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. எங்கள் அறைக்கு அது போதுமானதாக இருந்தது. கண்டென்சர் மைக் விசையின் 'டக்' ஒலியையும் பிடித்துவிடுவதால், ரப்பர் விசைகள் கொண்ட பேடாகப் பார்த்து வாங்கி, அடியில் மடித்த துண்டை விரித்தோம். "அண்ணே, தப்பு வந்தா மட்டும் அமுக்கவா, நல்லா வந்தாலுமா?" என்று அவர் கேட்டார். தப்பு வந்தால் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். மார்க்கர் எப்போதும் பிழைக்கு ஓரிரு நொடிகள் பிந்தியே விழும், ஏனெனில் பிழையைக் கேட்ட பிறகே கை போகிறது. ஆகவே 9-ஐத் தட்டி மார்க்கருக்குத் தாவியதும் 4-ஐத் தட்டிப் பின்னே செல்வது ஒரே அசைவாகப் பழகிவிட்டது.

பிளக்-இன் (ஒலியை மெருகேற்றச் சேர்க்கும் சிறு மென்பொருள்) சாளரம் திறந்திருக்கும்போது சில விசைகள் வேலை செய்யாமல் போவதுண்டு. அச்சாளரத்தில் எண் எழுதும் பெட்டி எதிலாவது கர்சர் நின்றுவிட்டால், தட்டும் எண் அந்தப் பெட்டிக்குள் போய் விழும். அந்தச் சாளரத்தின் பட்டியலில் 'விசைப்பலகை உள்ளீடு முழுவதையும் பிளக்-இன்னுக்கு அனுப்பு' என்ற தேர்வு இயக்கத்தில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, ஈக்யூ, கம்ப்ரசர் போன்ற ஒலித்தன்மையைச் சீராக்கும் வேலைகளை வெட்டு வேலை முழுவதும் முடிந்த பிறகே தொடங்குகிறோம். இசைக்கருவிகளின் சுரக்குறிப்புகளைத் திருத்தும் மிடி எடிட்டருக்குத் தனி விசைப்பட்டியல் உண்டு என்பதையும் குறிப்பிட வேண்டும்; முதன்மைச் சாளரத்தில் இணைத்த செயல் அங்கே தானாக வந்துவிடாது. எங்களுக்கு மிடி வேலை குறைவு என்பதால் அதை நான் தொடவில்லை.

முடித்த பதிவைப் பாடல் பாடலாகப் பிரித்துக் கொடுக்கும்போது ரீஜியன்கள் கைகொடுக்கின்றன. கண்ட்ரோலும் ஆல்ட்டும் ஆரும் சேர்ந்தால் முடித்த ஒலியைக் கோப்பாக்கும் ரெண்டர் சாளரம் திறக்கும். அதில் ரீஜியன்களை மூலமாகத் தேர்ந்தெடுத்து, கோப்புப் பெயர் இடத்தில் டாலர் குறியோடு ரீஜியன் என்ற சொல்லை இட்டால், ஒவ்வொரு பகுதியும் அதன் தமிழ்ப் பெயரோடு தனிக் கோப்பாகிறது. பெயரை மறுபடி தட்ட வேண்டியதில்லை.

விசை அமைப்பு முழுவதையும் ஆக்ஷன்ஸ் சாளரத்திலிருந்தே ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்ய முடியும். அந்தக் கோப்பையும், கஸ்டம் ஆக்ஷன்கள் இடம்பெற்ற பட்டியலையும் பென் டிரைவில் வைத்திருக்கிறோம். திருமங்கலத்தில் இதே வேலை செய்யும் நண்பரின் கணினியில் அதை இறக்குமதி செய்தபோது, எஸ்.டபிள்யூ.எஸ். தொகுப்பு அங்கே நிறுவப்படாததால் நட்சத்திரக் குறி மட்டும் வேலை செய்யவில்லை. தொகுப்பை முதலில் நிறுவிவிட்டு, அதன் பிறகு விசைக் கோப்பை இறக்குமதி செய்ததும் அதுவும் சரியாயிற்று. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் பேடு வலப்பக்கம் போயிற்று. அவருடைய விரல் வாகுக்கு 1-ஐயும் 3-ஐயும் மட்டும் இடம் மாற்றிக்கொண்டார். கழித்தல் விசை எங்கள் இருவர் பேடுகளிலும் இன்னும் காலியாக இருக்கிறது. அதில் மூச்சொலியின் அளவைக் குறைக்கும் வரிசை ஒன்றை வைக்கலாம் என்கிறார் நண்பர். குரலின் அளவு அடிக்கு அடி மாறும் பாட்டில் அது ஒரே அளவாகக் குறைத்துவிடும் என்பதால் எனக்கு இன்னும் சம்மதமில்லை.